கொள்ளை நோய்க் காலத்தில் முஃமினின் கடமை

 

கோழிக்கோடு நமக்கு அந்நிய ஊரன்று. வாளையாற்றைத் தாண்டினால் அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். நம் பிள்ளைகளில் பலர் மலபாரின் மதரஸாக்களில் ஓதியிருக்கிறார்கள். நம் வியாபாரிகள் அங்கே போய்ச் சரக்கெடுத்து வருகிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களும் உண்டு. அந்த மாவட்டத்தின் பேராம்பிரா பகுதியில், 2018-ஆம் ஆண்டு மே மாதம், நிப்பா என்னும் நச்சுக்கிருமி ஒரு முஸ்லிம் குடும்பத்தினுள் புகுந்தது. முதலில் ஒரு வாலிபர் காய்ச்சலில் மாண்டார். இன்ன நோய் என்று எவருக்கும் புரியவில்லை. அவருடைய உடன்பிறந்தாரும் அதே அடையாளங்களோடு படுத்தபோதுதான் மருத்துவர்களுக்கு ஐயம் பிறந்தது. சோதனையில் நோய் வெளிப்பட்டது. மொத்தம் 18 பேருக்கு நோய் உறுதியாகி, அவர்களில் இருவரே பிழைத்தனர். சோதனைக்கு முன்பே மறைந்த அந்த வாலிபரையும் சேர்த்து 17 ஜனாஸாக்கள். இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அதன்பின் 2019, 2021, 2023, 2024, 2025 என்று கேரளத்தில் இந்நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டியிருக்கிறது.

மலேசியாவில் 1998, 1999-ஆம் ஆண்டுகளில் இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டபோது பன்றிப் பண்ணைகளின் வழியே பரவியது. சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரே நோய்க்கும் வாய்த்தது. அதைக் கேட்டுவிட்டு, "பன்றி நமக்கு ஹராம்தானே, நம்மை அது அண்டாது" என்று நிம்மதியாய் இருந்தவர்களும் உண்டு. கோழிக்கோட்டில் பன்றிக்கு வேலையே இல்லை. பழந்தின்னி வௌவாலே அதன் மூலம் என்று கண்டறிந்தார்கள். முதலில் கிணற்றில் பிடித்த வௌவால்களைச் சோதித்து, ஒன்றுமில்லை என்றார்கள். அவை பூச்சி தின்னும் இனம். பிறகு பழந்தின்னிகளைப் பிடித்துச் சோதித்தபோது கிருமி அகப்பட்டது. எதிரியை இனம் காண்பதற்கே எத்தனை நிதானம் வேண்டியிருக்கிறது பாருங்கள்! இந்நோய் பீடித்தவர்களில் நூற்றுக்கு 40 முதல் 75 பேர் வரை இறந்துபோவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மக்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இதற்கு இல்லை.

இப்பேர்ப்பட்ட நோயைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்களில் சிலர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறார்கள்: "விதித்தது வந்தே தீரும், தவக்குல் உள்ளவனுக்கு எதற்கு இந்த முன்னேற்பாடெல்லாம்?" கேட்பதற்கு ஈமானின் பேச்சாகத் தோன்றும் இதை, ஈமானில் நம்மைவிடப் பன்மடங்கு மேலான ஸஹாபாப் பெருமக்கள் எப்படி எடைபோட்டார்கள் என்பதைப் பார்ப்போம்.

ஹஜ்ரத் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது ஷாம் தேசத்துக்குப் பயணமானார்கள். ஸர்ஃ என்னும் இடத்தை அடைந்தபோது, படைத்தளபதி அபூ உபைதா (ரலி) அவர்கள் எதிரே வந்து, ஷாமில் கொள்ளை நோய் பரவியிருப்பதை அறிவித்தார்கள். உமர் (ரலி) தாமாக முடிவு செய்துவிடவில்லை. முதல் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் இரு கருத்தாய்ப் பிரிந்தார்கள். அன்சாரிகளை அழைத்தார்கள், அவர்களும் அவ்வாறே பிரிந்தார்கள். பின் குறைஷிகளில் மூத்தவர்களை அழைத்தபோது, மக்களைக் கொண்டுபோய் நோயில் தள்ள வேண்டாம், திரும்பிவிடுங்கள் என்று அவர்கள் ஒரே வாய்ப்படச் சொன்னார்கள். மறுநாள் காலையில் திரும்புவதென்று கலீஃபா அறிவித்தார்கள்.

நம்மவர்கள் இன்று கேட்கும் அதே கேள்வியை அப்போது அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர்கள் என்றார்கள். உமர் (ரலி) அவர்களுக்கு வருத்தமாகிவிட்டது. இதை வேறொருவர் கேட்டிருக்கலாகாதா என்று சொல்லி, ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்று விடையளித்தார்கள். ஓர் உவமையும் சொன்னார்கள். ஒட்டகம் மேய்ப்பவன் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறான். ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ர்தானே! வறண்ட பக்கமே என் நஸீபு என்று எந்த இடையனாவது நிற்பானா? சற்று நேரத்தில், வேறு அலுவலாய்ப் போயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து சேர்ந்தார்கள். ஓர் ஊரில் கொள்ளை நோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே நுழையக் கூடாதென்றும், நாம் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்கு அஞ்சி ஓடக் கூடாதென்றும் நாயகம் (ஸல்) அவர்களே கூறத் தாம் கேட்டிருப்பதாக எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தவாறு மதீனா திரும்பினார்கள். ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்ச்சி இது.

ஷாமில் இருந்துவிட்ட அபூ உபைதா (ரலி) அவர்கள் அதே நோயில் ஷஹீதானார்கள். முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அவ்வாறே. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டின் அம்வாஸ் கொள்ளை நோய் என்று சரித்திரம் இதனைக் குறிக்கிறது. போகாமல் திரும்பியவரும் சுவர்க்கவாசி. வெளியேறாமல் நின்று மாண்டவரும் சுவர்க்கவாசி. இருவரும் ஒரே ஹதீஸின் இரு பாதியை நிறைவேற்றியவர்கள். பின்னர் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளில் பிரிந்து தங்குமாறு பணித்ததாகவும், அதன்பின் நோய் அடங்கியதாகவும், கலீஃபா உமர் (ரலி) அதை வெறுக்கவில்லை என்றும் நூல்களில் வருகிறது.

"தொற்று என்பதே இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று சிலர் கேட்பர். உண்டு. ஆனால் அதே நாவு மொழிந்த மற்ற மொழிகளும் உண்டல்லவா? நோயுற்ற கால்நடைகளை ஆரோக்கியமானவற்றோடு கலக்கலாகாதென்று தடுத்ததும், குஷ்டரோகியிடமிருந்து சிங்கத்தைக் கண்டாற்போல் விலகச் சொன்னதும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம். ஸகீஃப் கூட்டத்தாருடன் வந்த குஷ்டரோகி ஒருவரை, உம் பைஅத்தை ஏற்றோம், நீர் திரும்பலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அவர் மனம் நோகவில்லை, பைஅத்தும் கிடைத்தது, கூட்டமும் காக்கப்பட்டது. ஆகவே நம் இமாம்கள் கொடுத்த விளக்கம் இது: நோய் தன் சொந்தச் சக்தியால் தானே தாவும் என்று ஜாஹிலிய்யாக் காலத்து மக்கள் கொண்டிருந்த கொள்கையே மறுக்கப்பட்டது. நெருப்பு சுடுவதும் நஞ்சு கொல்வதும் அல்லாஹ் அமைத்த ஏற்பாடு என்பதுபோல், நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்வதும் அவன் அமைத்த ஏற்பாடே. நெருப்பில் கைவைத்துவிட்டுத் தவக்குல் பேசுவாரில்லை.

இங்கே நாம் நிறுத்தி நிதானமாய்ச் சொல்ல விரும்புவது ஒரு சரித்திரக் குறிப்பு. புகாரிக்கு ஃபத்ஹுல் பாரி என்னும் விரிவுரை எழுதிய ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள், கொள்ளை நோயில் தம் பெண்மக்களைப் பறிகொடுத்த தகப்பனார். தாஊன் பற்றித் தனி நூலே எழுதினார்கள். ஹிஜ்ரி 833-ஆம் ஆண்டு கெய்ரோவில் நோய் தொடங்கியபோது நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானவர்களே மாண்டுகொண்டிருந்தனராம். மக்கள் மூன்று நாள் நோன்பு வைத்து, மழைத் தொழுகைக்குப் போவதுபோல் பாலைவெளிக்குத் திரண்டுபோய் துஆச் செய்து திரும்பினார்கள். அந்த மாதம் முடியுமுன் நாளொன்றுக்கு மாண்டவர் ஆயிரத்தைத் தாண்டினர் என்று இமாமவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த மக்களின் நிய்யத்தில் குறை காண நாம் யார்? துஆ கேட்டதும் தவறன்று. ஆயின் திரண்ட கூட்டம் என்ன செய்தது என்பதை ஒரு முஹத்திஸ் கண்ணால் கண்டு, கணக்கிட்டு எழுதியிருக்கிறார். கிருமியைக் காட்டும் கருவி பிறப்பதற்கு முன் நடந்தது இது. அதற்கும் முன்னே, கிரானடாவின் இப்னுல் கதீப், ஆடையாலும் பாத்திரத்தாலும், ஏன் ஒரு காதணியாலும்கூட நோய் வீட்டுக்கு வீடு போவதைத் தாம் கண்டதாக எழுதிவிட்டார். மேனாட்டார் சொல்லித்தான் நாம் தொற்றை நம்ப வேண்டும் என்பதில்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது?

ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு வாசல் உண்டு. கொரோனா மூச்சுக் காற்றில் பரவியது. ஆகவே கூட்டமும் அடைத்த அறையும் அதற்கு வாசல்கள். நிப்பா அப்படி ஊரெங்கும் பறப்பதில்லை. வௌவாலின் எச்சில் பட்ட பழம், சாறு வழியாக முதலில் ஒருவருக்கு வரும். பிறகு அவருடைய எச்சில், இருமல், சிறுநீர், இரத்தம் முதலியவற்றின் வழியே, மிக அருகிலிருந்து பணிவிடை செய்பவருக்குத் தாவும். வாசல் தெரியாமல் காவல் வைப்பது வீண்.

முதல் வாசலுக்கு நம்மிடம் ஆயிரத்து நானூறு வருடத்துக் காவல் இருக்கிறது. இரவில் பாத்திரங்களை மூடுங்கள், தோல்பைகளின் வாயைக் கட்டுங்கள் என்றும், வருடத்தில் ஓர் இரவில் கொள்ளை நோய் இறங்குகிறது, மூடாத பாத்திரம் எதையும் அது விடுவதில்லை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். வங்கதேசத்தில் இந்நோய் பெரிதும் வந்த வழி எது தெரியுமா? ஈச்ச மரத்தில் இரவில் கட்டிய திறந்த கலயம்! வௌவால் வந்து சாற்றை நக்கிப்போகும். விடியலில் அதைப் பச்சையாகக் குடித்தவர்கள் நோயுற்றார்கள். கள் நமக்கு ஹராம், பேச்சில்லை. பதநீர் ஹலால்தான். ஆனால் நோய் நடமாடும் பகுதியில், நோய் நடமாடும் காலத்தில், காய்ச்சாத பதநீரைத் தவிர்ப்பதே புத்தி. அணிலோ வௌவாலோ கடித்த கொய்யாவையும் மாம்பழத்தையும், "கடித்த இடத்தை அறுத்துவிட்டால் போதும்" என்று நம் பெண்மணிகள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுண்டு. வேண்டாம், முழுவதையும் புதைத்துவிடுங்கள். வீண்விரயம் என்று அஞ்ச வேண்டியதில்லை. நல்ல பழத்தையும் கழுவித் தோல்சீவி உண்க. கிணற்றுக்கு வலை போடுங்கள். மரத்தில் தொங்கும் வௌவால்களைக் கல்லெறிந்து விரட்டாதீர்கள்; அவை கலைந்தால் தொல்லை கூடுமே தவிரக் குறையாது. அவையும் அல்லாஹ்வின் படைப்புகளே.

இரண்டாம் வாசல்தான் நம் சமுதாயத்துக்குக் கடினமானது. நம்மில் ஒருவர் படுத்தால் தெருவே திரண்டு வரும். நோய் விசாரிப்பது சுன்னத். ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செலுத்த வேண்டிய ஹக்கு. அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2018-ல் நோயுற்றவர்களில் பெரும்பாலோர் அந்த முதல் வாலிபர் கிடந்த ஆஸ்பத்திரி வார்டுகளிலும் நடைகளிலும் அவருக்கருகே இருந்தவர்களே. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர், அவருக்குத் துணைக்கு வந்தவர், பணிவிடை செய்த செவிலியர்! ஆகவே அந்நாட்களில் விசாரிப்பை டெலிபோனில் செய்யுங்கள். கஞ்சியையும் சோற்றையும் வாசற்படியில் வைத்துவிட்டு, உரக்க ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள். நோயாளியின் வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, கடையின் வாடகை ஆகியவற்றைக் கவனியுங்கள். கட்டிலருகே அமர்ந்து முகத்தைப் பார்ப்பதைவிட இவை பெரிய விசாரிப்பு.

பணிவிடையின் பாரம் எப்போதும் வீட்டுப் பெண்களின் தலையிலேயே விழுகிறது. உம்மாவோ மருமகளோ முந்தானையால் நோயாளியின் வாயைத் துடைத்துவிட்டு, அதே கையால் அடுப்படிக்குப் போகிறார்கள். யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆண்கள் கவனிக்க! இப்படிப்பட்ட காய்ச்சலில் வீட்டு வைத்தியம் கூடவே கூடாது. காய்ச்சலோடு தலைவலி, மூச்சுத் திணறல், மனக்குழப்பம், வலிப்பு கண்டால், நோய் நடமாடும் காலத்தில் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் ஆலோசனைக்கு 104 இருக்கிறது. வண்டி வரும்வரை ஒருவர் மட்டுமே, முகமூடியும் கையுறையும் அணிந்து, நோயாளியிடம் நிற்கட்டும். அவர் கர்ப்பிணியாகவோ வயோதிகராகவோ இருக்க வேண்டாம். நோயாளியின் தட்டும் துணியும் தனியாக இருக்கட்டும். சோப்பும் தண்ணீரும் இந்தக் கிருமியின் உறையைக் கரைத்துவிடும். ஐவேளை ஒளுச் செய்யும் நமக்குக் கைகழுவும் பழக்கத்தைப் புதிதாய்க் கற்பிக்க வேண்டியதில்லை. சோப்பை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சோப்புக்கு வழியில்லாத இடத்தில் ஸ்பிரிட் கலந்த கைமருந்தை உபயோகிக்க இக்கால உலமாக்களில் பெரும்பாலோர் அனுமதியளித்துள்ளனர். தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மறைப்பதும் நபிவழியே.

இனி, மறைத்தல் என்னும் பாவத்துக்கு வருகிறோம். ஆம், பாவம் என்றே சொல்கிறோம். எல்லை தாண்டி வந்ததை மறைப்பது, காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாவடியில் "ஒன்றுமில்லை" என்பது, தனித்திருக்கச் சொன்ன 21 நாட்களில் கல்யாண விருந்துக்குப் போய் வருவது, இவையெல்லாம் பிறர் உயிரோடு விளையாடுவது. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் குஷ்டரோகமுள்ள ஒரு பெண்மணி கஃபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தார். மக்களுக்குத் தொல்லை கொடாமல் வீட்டில் இருந்தால் நன்றாயிருக்குமே என்று கலீஃபா சொன்னார்கள். அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். உமர் (ரலி) மறைந்த பின், தடுத்தவர் போய்விட்டார், இனி வெளியே வரலாம் என்று ஒருவர் சொன்னபோது, உயிரோடிருக்கையில் கீழ்ப்படிந்துவிட்டு இறந்தபின் மாறு செய்பவள் நானல்ல என்று மறுத்துவிட்டாராம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணப்படும் செய்தி இது. காவல்காரர் நிற்கும் வரையில் மட்டும் கட்டுப்படும் நம் வழக்கத்தை அந்த அம்மையாரின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மறைப்பவர்களை மட்டும் சாடுவதும் நியாயமன்று. ஏன் மறைக்கிறார்கள்? வெளியே தெரிந்தால் தெரு ஒதுக்கிவைக்கும் என்ற பயம். குணமாகி வந்தவனுக்கு வாடகை வீடு கிடைக்காது. அவன் மகளுக்குச் சம்பந்தம் தட்டிப்போகும். 2020-ல் ஒரு சமுதாயத்தின் தலையிலேயே நோயைக் கட்டிப் பேசிய கொடுமையை நாம் அனுபவித்தோம். அந்த வழக்குகளில் வெளிநாட்டு ஜமாஅத்தாரைப் பலிகடா ஆக்கினார்கள் என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளையே அவ்வாண்டு ஆகஸ்டில் சாடியது. ஒதுக்கப்படும் வேதனை தெரிந்த நாமே ஒரு நோயாளியின் வீட்டை விரல் நீட்டிக் காட்டலாமா? கொள்ளை நோயில் மாண்டவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்பது ஹதீஸ். தன் ஊரிலேயே பொறுமையோடும் நன்மையை நாடியும் தங்கியிருப்பவருக்கு ஷஹீதின் கூலியுண்டு என்று அன்னை ஆயிஷா (ரலி) வழியாகவும் வந்துள்ளது. அப்படிப்பட்டவருடைய வீட்டை நாம் எப்படி நோக்க வேண்டும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

பள்ளிவாசல் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்வோம். பச்சைப் பூண்டு தின்றவரையே பள்ளிக்கு வரவேண்டாமென்று தடுத்த மார்க்கம் இது. மழைநாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கில் சொல்லச் செய்தார்கள் இப்னு அப்பாஸ் (ரலி). நோயும் அச்சமும் ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் தக்க காரணங்கள் என்பது ஃபிக்ஹு நூல்கள் ஒப்புக்கொண்ட மஸ்அலா. 2020-ல் சுமார் ஆயிரம் பேருடன் ஹஜ்ஜே நிறைவேறியது. இதற்கு மேல் விவாதம் வேண்டியதில்லை. பள்ளியை அடைப்பதா, திறப்பதா என்பதை மஹல்லாவின் தலைவரும் இமாமும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க. கேட்காமல் ஃபத்வா கொடுப்பதன் விபரீதம் ஹதீஸிலேயே இருக்கிறது. தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யச் சலுகையில்லை என்று உடனிருந்தோர் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்தார். அவரை அவர்களே கொன்றுவிட்டார்கள், தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்று நாயகம் (ஸல்) கடிந்துரைத்தார்கள். இது ஆலிம்களாகிய நமக்கே முதலில் உரியது.

எல்லாவற்றிலும் மனத்தை வருத்துவது மையித்தின் விஷயம். "என் வாப்பாவைக் குளிப்பாட்டாமல், முகம் பார்க்காமல் அடக்குவதா?" என்று பிள்ளைகள் கதறுவார்கள். அதற்கு அஞ்சியே நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாத குடும்பங்களும் உண்டு. கேளுங்கள்: 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோய் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கினியும் சியர்ரா லியோனும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் வாழும் நாடுகள். பிரியத்தோடு மையித்தைக் கழுவிய கைகளே அடுத்த மையித்துகளாயின. பிறகு மார்க்கத் தலைவர்களோடு கலந்து, கண்ணியமான, பாதுகாப்பான அடக்கமுறை ஒன்றை உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. முஸ்லிம்களுக்கு அதில் தயம்மும் இடம்பெற்றது, கஃபன் இடம்பெற்றது. ஷரீஅத்தும் அதைத்தான் சொல்கிறது. மையித்தைக் குளிப்பாட்டுவது பர்ளு கிஃபாயா. அது இயலாதபோதோ, செய்பவர் உயிருக்கு ஆபத்தென்னும்போதோ தயம்மும். அதற்கும் மருத்துவர் இடம் கொடாவிடில், அன்று அங்கிருக்கும் ஆலிமின் வழிகாட்டுதல்படி நடப்பது. பாதுகாப்பு அங்கி அணிந்த இரண்டொருவர் போதும். தொழுகையில் நிற்போர் தள்ளி நிற்கட்டும். வரவியலாதவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின்படி காயிப் ஜனாஸாத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் துஆவோடு நிறுத்திக்கொள்வர். குளிப்பாட்டப்படாததால் அந்த வாப்பாவின் அந்தஸ்து இம்மியும் குறையாது. போர்க்களத்து ஷஹீதைக் குளிப்பாட்டுவதில்லை என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் மறைந்த ஒரு மருத்துவரை அடக்கவிடாமல் கல்லெறிந்தார்கள். அதே நோய்க் காலத்தில் நம் வாலிபர்கள் பல ஊர்களில், ஜாதி மதம் பாராமல், அங்கியணிந்து முறைப்படி உடல்களை அடக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு பேருக்கேனும் இந்தப் பயிற்சியை நோய் வருமுன்னரே மருத்துவத் துறையினரிடம் கேட்டுக் கற்பித்து வைக்க வேண்டுகிறோம். நோய் வந்தபின் கற்க நேரமிராது.

முன்னேற்பாடு என்றதும் அரிசி மூட்டையை வாங்கி அடுக்குவார்கள். பதுக்கல் மார்க்கம் தடுத்த செயல். பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத மாத்திரை, ஒரு வெப்பமானி, சோப்பு, சில முகமூடிகள், காற்றோட்டமுள்ள ஓர் அறை இருந்தால் நடுத்தரக் குடும்பத்துக்குப் போதுமானது. இவற்றோடு ஒரு தாளும் பேனாவும் வேண்டும். வஸிய்யத் செய்ய வேண்டியது ஏதேனும் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாதென்பது நபிமொழியின் கருத்து. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், மனைவியின் மஹர் பாக்கி உண்டா, விடுபட்ட நோன்பு எத்தனை, பிறர் அமானிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, பத்திரங்கள் எங்கே, இவற்றை எழுதிக் கையொப்பமிட்டு, இருவரைச் சாட்சியாக்கி, வீட்டில் உள்ளவர்களுக்கு இடத்தைச் சொல்லி வையுங்கள்.